அவன் வரையும் ஷூ

வணக்கம் சார்,

நியூஜெர்சியில் ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஆறு வருடமாகப் பாடம் எடுக்கிறேன். என் வகுப்பில் 11 முதல் 13 வயதுவரை ஒன்பது பிள்ளைகள். வீட்டில் பேசும் தமிழ் எல்லோருக்கும் புரிகிறது. பதில்தான் ஆங்கிலத்தில் வருகிறது. இந்த வருடம் ப்ராஜெக்ட் செய்யச் சொன்னேன். பொங்கல், கல்லணை, திருவள்ளுவர் என்று பத்துத் தலைப்பு கொடுத்து, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அம்மாக்கள் எழுதித் தந்ததை மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். ஒரு பையன் எதுவுமே தரவில்லை. அவன் நோட்டின் ஓரமெல்லாம் ஸ்னீக்கர் வரைந்து வைத்திருக்கிறான். அவன் அம்மாவுக்கு ஊர் குடியாத்தம். தலைப்பைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாமா? விட்டால் இலக்கணம் என்னாவது? ஆண்டுத் தேர்வு வேறு இருக்கிறது.

— ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

விட்டுவிடுங்கள். பத்துத் தலைப்பும் நீங்கள் யோசித்தவை. அதில் ஒன்றை எடுத்ததோடு பிள்ளையின் வேலை முடிந்துவிட்டது, மிச்சம் அம்மாவின் வேலை.

நான் கலிஃபோர்னியாவில் எட்டு வருடம் வார இறுதி வகுப்பு எடுத்தேன். முதல் வருடம் ஒரு பெண் கொரியப் பாட்டுக் குழுவைப் பற்றிச் செய்யலாமா என்று கேட்டாள். "இது தமிழ் வகுப்பும்மா" என்றேன். அவள் பொங்கலைப் பற்றி அழகாக எழுதிக் கொடுத்தாள். அடுத்த வருடம் வரவில்லை. கொரிய மொழியிலும் அம்மாவை 'ஓம்மா' என்றும் அப்பாவை 'அப்பா' என்றும்தான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பாட்டின் ஒரு வரியைத் தன் பாட்டிக்குத் தமிழில் சொல்லிப் புரியவைக்கச் சொல்லியிருந்தால் எவ்வளவு தமிழ் தேடியிருப்பாள் என்று இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஆனால் தலைப்பை விட்டுக்கொடுத்தால் மட்டும் போதாது என்பதையும் பிறகு பார்த்தேன். கூடைப்பந்து பற்றிச் செய்த ஒரு பையன் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதி, கணினியில் மொழிபெயர்த்துக் கொண்டுவந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. அவனுக்குத் தமிழ் தேவைப்படும் இடம் அந்த வேலையில் எங்குமே இல்லை. அதற்கப்புறம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: தலைப்பு உன் இஷ்டம், ஆனால் தமிழில் மட்டுமே பதில் சொல்லக்கூடிய ஒருவரிடம் நீ போய்க் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்றாவது அதில் இருக்க வேண்டும்.

ரயில் பைத்தியமாக இருந்த ஒரு பையன் அப்போது வகுப்பில் இருந்தான். அவன் தாத்தா கோயம்புத்தூர்ப் பக்கம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேரன் போனில் கேட்ட முதல் கேள்வி, "கூட்டத்துல யாரு டிக்கெட் வாங்கலன்னு எப்படித் தெரியும்?" தாத்தா நாற்பது நிமிடம் பேசினார். ஸ்டேஜ் என்றால் என்ன, சில்லறை இல்லாதவருக்கு டிக்கெட்டின் பின்னால் பாக்கி எழுதித் தருவது, படிக்கட்டில் தொங்குபவரை மரியாதை குறையாமல் உள்ளே ஏற்றுவது. வாராவாரம் "சாப்டியா" என்பதோடு முடிந்துவிடும் பேச்சு அது. பையன் எல்லாவற்றையும் பதிவு செய்திருந்தான்.

உங்கள் இலக்கணக் கேள்விக்கு அந்தப் பதிவில்தான் பதில் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் காது ஏற்கெனவே தமிழ்க்காது. எழுத்துத் தமிழ்தான் அந்நியம். வீட்டில் 'வந்துட்டாங்க', புத்தகத்தில் 'வந்துவிட்டார்கள்'. இரண்டும் ஒன்றுதான் என்று யாரும் அவர்களுக்குக் காட்டுவதில்லை. பதிவில் இரண்டு நிமிடத்தை மட்டும் எடுத்து, காதில் விழுந்தபடியே எழுதச் சொல்லுங்கள். திரும்பத் திரும்பக் கேட்பார்கள். லகரமா ளகரமா ழகரமா என்று உங்களிடம் அவர்களே வந்து கேட்பார்கள். சொல்வதெழுதுதலில் எந்தப் பிள்ளையும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. பிறகு அதே இரண்டு நிமிடத்தை எழுத்துத் தமிழில் மாற்றச் சொல்லுங்கள். விகுதி, வேற்றுமை, சந்தி எல்லாம் அங்கேதான் சொல்லித்தர வேண்டியவை. ஒரு பக்கம் எழுத மூன்று வாரம் ஆகும். ஆகட்டும்.

இதற்கு ஷீல்டு, சான்றிதழ் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 1973ல் வெளிவந்த ஓர் ஆய்வு உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில், படம் வரைவதில் ஆசையுள்ள குழந்தைகளில் சிலரிடம் வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் வரைவதில் செலவழித்த நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான். ஆண்டுவிழா மேடைக்குப் பதிலாக, கேள்விக்குப் பதில் சொன்னவரையே வீடியோ காலில் கூப்பிட்டு அவர் முன்னால் வாசிக்கவையுங்கள். உங்களுக்குச் சனிக்கிழமை காலை பத்து என்றால் ஊரில் இரவு ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. தாத்தா பாட்டி விழித்திருக்கும் நேரம்தான். அப்படி யாரும் இல்லாத பிள்ளைக்குக் கோயில் மடப்பள்ளியிலோ மளிகைக் கடையிலோ ஒரு தமிழ்க்காரரைப் பிடித்துக்கொடுங்கள்.

ஆண்டுத் தேர்வு இருக்கட்டும். கலிஃபோர்னியாவில் 2011ல் சட்டமாகி, உங்கள் மாநிலம் உட்படப் பல இடங்களுக்குப் பரவிய இருமொழி முத்திரையும் (ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியிலும் தேர்ச்சி பெற்ற மாணவருக்குத் தரும் Seal of Biliteracy) நல்லதுதான். ஆனால் அது பள்ளி முடிக்கும்போது கிடைப்பது. 12 வயதில் அதை நினைத்து யாரும் சனிக்கிழமை காலையில் எழுந்திருக்க மாட்டார்கள். வகுப்பில் கடைசி இருபது நிமிடத்தை ப்ராஜெக்ட்டுக்குக் கொடுத்துவிட்டு, மீதி நேரத்தில் பாடத்தை நடத்துங்கள்.

சரி, ஸ்னீக்கர் வரையும் பையனுக்கு வருவோம். கடிதம் முழுவதிலும் என்னை நிறுத்திய ஆள் அவன்தான். அவன் அம்மாவின் ஊருக்குப் பக்கத்தில்தான் ஆம்பூர் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரமே தோலும் ஷூவும்தான். அங்கே தைக்கிற ஷூ ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறுகிறது. குடியாத்தத்தில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு, ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவரையாவது தெரியாமல் இருக்காது. ஷூவின் மேல்பாகத்தை எப்படி வெட்டுவார்கள், அடிப்பாகத்தை எதைக்கொண்டு ஒட்டுவார்கள், ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி முடியும் என்று அவன் கேட்கட்டும். அவன் வரைந்த படத்தையே அவருக்கு அனுப்பி, இதைத் தைக்க முடியுமா என்றும் கேட்கட்டும்.

அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள். அவன் கையெழுத்திலேயே இருந்தால் இன்னும் சந்தோஷம்.

அன்புடன்.