நைட் டியூட்டியில் கூட இருப்பவர் வேலையைத் தள்ளிவிட்டால்

வணக்கம் தங்கச்சி. 30 படுக்கை வார்டு, ராத்திரி இரண்டே நர்ஸ்கள், கூட இருப்பவர் 2 மணிக்குப் படுத்துவிடுகிறார், காலை 6 மணி பிபி, சுகர் எல்லாம் உங்கள் தலையில் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. நானும் அப்படித் தனியாக ஓடியவள்தான்.

முதலில், அவர் போடாத ஊசிக்கு நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள். ஒருமுறை கூட இருந்தவர் "போட்டாச்சு" என்றதை நம்பி நான் சார்ட்டில் கையெழுத்துப் போட்டேன். காலையில் பார்த்தால் ஆன்டிபயாடிக் குப்பி உடைக்காமல் ட்ரேயிலேயே இருந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்தது நான்.

டியூட்டி எடுத்ததுமே படுக்கையைப் பிரித்துவிடுங்கள்: 1 முதல் 15 உங்களுக்கு, மீதி அவருக்கு. ஒப்படைப்பு நோட்டில் பெயரோடு எழுதுங்கள். ஓய்வுக்கும் முறை வையுங்கள். யாருக்காவது மூச்சுத் திணறினால் அது யார் படுக்கை என்று பார்க்க வேண்டாம், ஓடுங்கள்.

அப்புறம், அவர் அசந்து தூங்க ஏதாவது காரணம் இருக்கலாம்; வீட்டில் கைக்குழந்தை ஏதும் இருக்கிறதா என்று டீ குடிக்கும்போது அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இரண்டு வாரத்தில் மாறாவிட்டால் இன்சார்ஜ் சிஸ்டரிடம் போங்கள். "சோம்பேறி" என்ற பேச்சே வேண்டாம். எந்தத் தேதி, எந்தப் படுக்கை, எது விடுபட்டது, அதை மட்டும் சொல்லுங்கள்.