ஒரே கிரகத்துச் செடிகள்

அன்புள்ள அக்கா,

கொஞ்ச காலமாக எனக்கு விக்கா, நவீன மாந்திரீகம் என்று ஈடுபாடு. வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு செடிக்கும் ஒரு கிரகம், ஒரு பலன் என்று பட்டியல் வைத்துக்கொண்டுதான் செய்கிறேன். புகை போடுகிற வெள்ளை சேஜ் இலைக் கட்டுக்குப் பதிலாக ரோஸ்மேரி கொளுத்தினால் சடங்கு பலிக்குமா? செடிகளுக்கு உண்மையிலேயே சக்தி இருக்கிறதா, எல்லாம் மனம்தானா? கனவு வர மக்வர்ட் என்ற மூலிகையில் டீ போட்டுக் குடிக்கிறேன். அடுத்து, மன அமைதிக்கென்று பட்டியலில் இருக்கிற பென்னிராயல் என்ற செடியின் எண்ணெயைச் சில சொட்டு தண்ணீரில் விட்டுக் குடிக்கலாம் என்றிருக்கிறேன். இயற்கையானதுதானே? சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

சிரிக்கவில்லை. ரோஸ்மேரி வரைக்கும் சந்தோஷமாகத்தான் படித்துக்கொண்டு வந்தேன், அந்த எண்ணெய் வரியில் தூக்கிவாரிப் போட்டது. குடிக்காதீர்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

சக்தியா மனமா என்ற சண்டைக்குள் நான் வரவில்லை. அதைக் கேட்கிறவர்கள் எல்லோரும் பதிலை முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். வெள்ளை சேஜை விடுவது நல்ல காரியம். தெற்குக் கலிஃபோர்னியாவிலும் அதை ஒட்டிய மெக்சிகோவின் பாஹா பகுதியிலும் இயற்கையாக வளர்கிற செடி அது, அங்குள்ள பழங்குடிகளுக்குப் புனிதமானது. அமெரிக்கப் பழங்குடிகளின் வழிபாட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்ததே 1978இல்தான். இப்போது அந்தச் செடியை யார் யாரோ திருட்டுத்தனமாக வெட்டிக் கட்டுக்கட்டாக விற்கிறார்கள்.

நான் சில நாளாக யோசித்துக்கொண்டிருப்பது உங்கள் கையில் இருக்கிற மாதிரிப் பட்டியல்களைப் பற்றித்தான். ஏதோ ஆதிகாலத்து மந்திரக்காரிகள் ரகசியமாகக் காப்பாற்றித் தந்தது போல அவற்றைப் பரப்புகிறார்கள். அந்தக் கிரகக் கணக்கில் கணிசமானதை 1652இல் லண்டனில் அச்சான ஒரு மூலிகைப் புத்தகத்திலேயே பார்க்கலாம். எழுதியவர் நிக்கோலஸ் கல்பெப்பர். மருத்துவர்கள் லத்தீனில் பூட்டி வைத்திருந்ததை ஏழைகளும் படிக்கட்டும் என்று ஆங்கிலத்தில் எழுதிய மனிதர், அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். அவர் மக்வர்ட்டைச் சுக்கிரனுக்குக் கொடுத்தார். இன்றைய பட்டியல்கள் சிலவற்றில் அது சந்திரனுக்குப் போய்விட்டது. அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை, சரி. ஆனால் பென்னிராயலையும் அவர் அதே சுக்கிரனுக்குத்தான் கொடுத்திருக்கிறார். இரண்டும் ஒரே கட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். உங்கள் கல்லீரலுக்குக் கிரகம் தெரியாதே!

பென்னிராயல் புதினாக் குடும்பம், வாசனையும் கிட்டத்தட்ட அப்படியே, அதில்தான் ஏமாந்துபோகிறோம். அதன் எண்ணெயில் பெரும்பங்கு புலிகோன் என்ற வேதிப்பொருள். கல்லீரல் அதை உடைக்கும்போது பிறக்கிற நச்சுகள் அந்தக் கல்லீரலையே அழிக்கின்றன. 1978இல் கொலராடோவில் 18 வயதுப் பெண் ஒருத்தி அந்த எண்ணெயை ஏறத்தாழ 30 மில்லி குடித்தாள். கருவைக் கலைக்கத்தான். ஆஸ்பத்திரியில் சேர்த்தும் ஒரு வாரத்தில் செத்துப்போனாள். பழைய புத்தகங்களில் ‘பெண்களுக்கு உகந்தது’ என்று வருகிற செடிகள் பலவும் மாதவிலக்கை வரவழைக்கக் கொடுத்தவை, மக்வர்ட்டும், ஆங்கிலத்தில் ரூ எனப்படும் அருவதாவும் அந்த வரிசைதான். இந்தச் சங்கதியை நீக்கிவிட்டு ‘அமைதி, காவல்’ என்று இரண்டு வார்த்தை மட்டும் போட்டுப் பட்டியல் தயாரித்தவரை என்ன சொல்லித் திட்டுவது? சில சொட்டுதானே என்பீர்கள். அந்தச் சொட்டுக்குள் எத்தனை கைப்பிடிச் செடி வடிந்து இறங்கியிருக்கிறது என்று யோசியுங்கள். இயற்கையானதாம்! சூனியக்காரிகள் பறப்பதற்காகப் பூசிக்கொண்ட களிம்பில் சேர்த்ததாகச் சொல்வார்களே, பெல்லடோனா, ஹென்பேன் என்ற விஷச் செடிகள், அதுவும் இயற்கைதான். ஹென்பேனில் இருக்கிற ஸ்கோபாலமைன் என்ற பொருளைப் பயண வாந்திக்குக் காதுக்குப் பின்னால் ஒட்டுகிற பட்டையில் இன்றைக்கும் கொடுக்கிறார்கள், மில்லிகிராம் கணக்கில் அளந்து.

தன்னை விட்ச் என்று கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்கிற தோழி ஒருத்தி எனக்கு உண்டு. அவள் தோட்டத்தில் அருவதா நிற்கிறது. நீலச் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன இலை, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசியால் குத்தியது போல எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும். இத்தாலியில் கண்ணேறு படாமலிருக்க இந்தக் கிளையின் வடிவத்தை வெள்ளியில் செய்து அணிவார்கள், பெயர் சிமரூத்தா. கல்பெப்பர் கணக்கில் இது சூரியனின் செடி, ஆகவே உச்சி வெயிலில் பறி என்பார்கள். தோழியோ பொழுது சாய்ந்த பிறகு, முழுக்கை சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டுதான் கத்தரிக்கோலை எடுப்பாள். அதன் சாறு தோலில் பட்டு வெயிலும் பட்டால் ஓரிரு நாளில் கொப்புளம் கிளம்பும், ஆறினாலும் பழுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். நான் கேலி செய்தபோது, “சூரியனோட சொத்துன்னா அவர் பார்க்காதப்போதான் எடுக்கணும்” என்றாள். அவளிடமும் பட்டியல் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு செடிக்கும் எதிரே பென்சிலில் இன்னொரு வரி: கர்ப்பிணிக்கு ஆகாது, பூனைக்கு ஆகாது, வாயில் வைக்காதே. கிரகத்தை அழித்து எழுதுவாள், அந்த வரியில் கை வைக்கமாட்டாள்.

மக்வர்ட் டீயையும் நிறுத்தச் சொல்வேன், கருத்தரிக்க வாய்ப்பிருந்தால் கண்டிப்பாக. கனவுதான் வேண்டுமென்றால் உலர்ந்த இலையைத் துணியில் முடிந்து தலையணைக்குக் கீழே வையுங்கள், மகரந்த ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம்.

அட, ரோஸ்மேரியைக் கேட்டிருந்தீர்கள் இல்லையா. தாராளமாகக் கொளுத்துங்கள், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் புகையே வேண்டாம், ஒரு கொத்தைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டாலே வீடெல்லாம் மணக்கும். சடங்கு பலித்ததா இல்லையா என்று மட்டும் எனக்கு எழுதாதீர்கள்.