மதிப்பெண் பட்டியலில் சிலர் மட்டும் அடியிலேயே நிற்பது ஏன்?

வணக்கம். உங்கள் வீடற்றோர் காப்பகத்தில், யாருக்குத் தேவை அதிகம் என்று அளக்கும் கேள்வித்தாளின் மதிப்பெண்ணை வைத்து வீடு ஒதுக்குவதாகவும், திருநர்களும் சிறுபான்மைப் பெண்களும் எப்போதும் பட்டியலின் அடியிலேயே நிற்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அவர்களுக்குத் தேவை குறைவு என்று தயவுசெய்து முடிவுகட்டிவிடாதீர்கள்.

கேள்வி கேட்கப்படும் விதத்தை முதலில் பாருங்கள். வந்த அன்றே, முன்பின் தெரியாத ஒருவர், பக்கத்தில் நாலு பேர் இருக்கும்போது, "உங்களை யாராவது அடித்தார்களா? போதைப் பழக்கம் உண்டா?" என்று கேட்டால் யார் மனம் திறப்பார்கள்? குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ, போலீசுக்குத் தகவல் போகுமோ என்ற பயம் ஏற்கெனவே அடிபட்டவர்களுக்குத்தான் அதிகம். பயந்து சொல்லும் ஒவ்வொரு 'இல்லை'யும் மதிப்பெண்ணைக் குறைக்கிறது. வீடற்றோரின் தேவையை அளக்க அமெரிக்காவில் பரவலாகப் பயன்பட்ட விஐ-எஸ்பிடாட் என்ற கேள்வித்தாளில், கறுப்பினத்தவரைவிட வெள்ளையருக்குக் கூடுதல் மதிப்பெண் விழுவதாக ஆய்வுகள் காட்டின. அதை உருவாக்கியவர்களே 2020இல் அதைப் படிப்படியாகக் கைவிடுவதாக அறிவித்தார்கள்.

ஆறு மாதப் பதிவுகளை எடுத்து, யார் வந்தார்கள், யாருக்கு வீடு கிடைத்தது, யார் பாதியில் போனார்கள் என்று பிரிவுவாரியாக எண்ணிப் பாருங்கள். மேலிடத்தில் பேச அந்தக் கணக்கு கையில் வேண்டும். அப்புறம், அந்தரங்கக் கேள்விகளை இரண்டாம் மூன்றாம் சந்திப்புக்குத் தள்ளுங்கள், தனி அறையில். யாரிடம் பேசுவது என்பதை வந்தவரே தேர்ந்தெடுக்கட்டும். திருநர்களுக்குப் படுக்கை ஒதுக்கும்போது அவர்கள் சொல்லும் பாலினமே போதும், சான்று கேட்க வேண்டாம்.

கேள்விகளைத் திருத்தும் குழுவில் தெருவில் வாழ்ந்தவர்களையும் சேருங்கள். அவர்கள் செலவிடும் நேரத்துக்குச் சம்பளம் கொடுத்தே கூப்பிடுங்கள்.