முதுகுவலி மாத்திரையைத் தூக்கத்திற்கும் போடலாமா?

கேள்வி: மதுரை செல்லூரில் விசைத்தறி ஓட்டுகிறேன், வயது 54. மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி, முதுகுவலிக்காக இரண்டு ஆண்டுகளாகக் காலையும் இரவும் டிராமடால் 50 மி.கி. சாப்பிடுகிறேன், தூக்கம் வராத நாளில் மட்டும் இன்னொன்று. போதை மாத்திரை என்று வீடியோவில் சொன்னதால் நிறுத்தினேன். இரண்டே நாளில் வியர்வை, வயிற்றுப்போக்கு, கைகால் உளைச்சல். மறுபடி போட்டதும் அடங்கிவிட்டது. அடிமையாகிவிட்டேனா? சிறுநீரகம் கெடுமா? மலச்சிக்கலும் இருக்கிறது.

பதில்: அந்த உளைச்சலை வைத்து உங்களை அடிமை என்று முடிவுகட்ட வேண்டாம். சீட்டில் உள்ள அளவை மீறாதவர்களுக்கும், நெடுநாள் சாப்பிட்ட டிராமடாலைத் திடீரென நிறுத்தினால் இப்படி ஆகும். உடல் மருந்துக்குப் பழகியிருக்கிறது, அவ்வளவுதான். கெடுதல் என்று தெரிந்தும் விட முடியாமல், மருந்தைத் தேடுவதிலேயே மனம் நிற்பதைத்தான் அடிமைத்தனம் என்கிறோம். வீடியோவில் பேசியவர் உங்கள் மருந்துச் சீட்டைப் பார்த்தவர் இல்லை; அவர் பேச்சைக் கேட்டு நிறுத்தியதுதான் தவறு.

எனக்குக் கவலை தருவது, போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்த 'இன்னொன்று'தான். வலிக்குத் தந்த மாத்திரையைத் தூக்கத்திற்கோ மனக்கஷ்டத்திற்கோ போடத் தொடங்கும்போதுதான் பழக்கம் தடம் மாறுகிறது. சீட்டுக் கணக்கில் இல்லாத மாத்திரையால் மாதம் முடியும் முன்பே அட்டை தீர்ந்துவிடும். பிறகு தெரிந்த கடைக்காரரிடம் சீட்டில்லாமல் கேட்கத் தோன்றும். இந்த மருந்து 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது; அப்படிக் கேட்பதும் கொடுப்பதும் கூடாது. அளவு கூடினால் வலிப்பு வரலாம். மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடும். தட்டி எழுப்பியும் எழாமல் மூச்சு மெதுவாக ஓடினால், வீட்டார் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

மலச்சிக்கல் இந்த மாத்திரையின் வழக்கமான பக்கவிளைவு. தண்ணீர், கீரை, தேவைப்பட்டால் ஒரு மலமிளக்கி போதும். சிறுநீரகத்தைப் பொறுத்தவரை, டிராமடாலைவிட, வலிக்கு அடிக்கடி போட்டுக்கொள்ளும் டைக்ளோஃபெனாக் ஊசிக்குத்தான் நான் அதிகம் அஞ்சுவேன்.

கூடுதல் மாத்திரையை இன்றிரவே விட்டுவிடுங்கள். மற்ற இரண்டையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மீதி அட்டையோடு உங்கள் மருத்துவரிடம் போய், தூக்கத்திற்காகப் போட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். அவர் பல வாரங்களில் சிறிது சிறிதாகக் குறைப்பார். கூடவே இயன்முறைப் பயிற்சி தருவார், தூக்கம் ஏன் வரவில்லை என்றும் பார்ப்பார். நரம்புவலி இருந்தால் அதற்கு வேறு மருந்துகள் உண்டு. அவற்றில் சில டிராமடாலோடு சேரக்கூடாதவை என்பதால், பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுவதை வாங்கிப் போட வேண்டாம். குறைக்கும்போது மனம் மாத்திரையையே தேடினால், அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குத் தயங்காமல் செல்லுங்கள். அதற்கும் சிகிச்சை இருக்கிறது.