ஓமம் வளர்க்க இடம் தருமா அந்த மாளிகை?

இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் உள்ள பழைய பிரபுக்களின் மாளிகைகளில் கல்யாணம் வைப்பது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்.

மகளுக்கு அடுத்த வருடம் கல்யாணம். சரே பக்கம் 18ஆம் நூற்றாண்டு மாளிகை ஒன்றைப் பார்த்துவிட்டு, வேறு எதையும் பார்க்க மாட்டேன் என்கிறாள். "300 பேர் வரை" என்று அவர்கள் கையேட்டில் இருக்கிறது. முன்பணம் கட்டலாமா?
— ஒரு தாய், ஹாரோ

இன்னும் கட்டாதீர்கள், அம்மா. அது எந்த 300 என்று முதலில் கேளுங்கள். நின்றபடி பேசிக் கலையும் விருந்துக்கு ஒரு கணக்கு, வட்டமேசை போட்டு உட்காரவைத்துப் பரிமாற ஒரு கணக்கு, புல்வெளியில் மார்க்கீ கூடாரம் போட்டால் இன்னொரு கணக்கு. கையேட்டில் அச்சாவது பெரும்பாலும் மூன்றில் பெரியதுதான். மாளிகையின் மிகப் பெரிய கூடத்திலேயே நூறு, நூற்றிருபது பேருக்கு மேல் உட்கார முடியாத வீடுகள் பல.

இந்த எண்ணைக் கெஞ்சிக் கூட்டவும் முடியாது. 2005ஆம் ஆண்டுத் தீப் பாதுகாப்பு ஆணைப்படி, ஆபத்து வந்தால் எத்தனை பேர் எந்தெந்த வாசல் வழியே வெளியேற முடியும் என்று கட்டடத்துக்குப் பொறுப்பானவர் கணித்து வைக்க வேண்டும். அந்தக் கணக்கில் மேளக்காரர், படம் பிடிப்பவர், பரிமாறுபவர் எல்லோரும் அடக்கம். பழைய மாளிகைகளில் தீ என்பது வெறும் காகித பயமல்ல. கில்ட்ஃபோர்டுக்கு அருகே, 1720களில் கட்டப்பட்ட கிளாண்டன் பார்க் என்ற மாளிகையிலும் கல்யாணங்கள் நடந்துவந்தன. 2015 ஏப்ரல் 29 அன்று அடித்தளத்து மின்பெட்டிக் கோளாறால் பற்றிய தீயில், சுவர்களைத் தவிரப் பெரும்பகுதி போய்விட்டது.

300 பேரும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டுமென்றால் உங்களுக்கு வேண்டியது கூடாரம். ஆறடி வட்டமேசைக்கு 10 பேர் என்றால் 30 மேசை. நடைவழி சேர்த்து ஆளுக்கு 1.2 சதுர மீட்டர் வைத்தால் 360. மணவறைக்கும் அதன் முன்னிடத்துக்கும் 36, சமைத்த உணவை எடுத்துவைக்கும் மேசைகளுக்கு இன்னொரு 36. மொத்தம் 432 சதுர மீட்டர், அதாவது 12 மீட்டர் அகலம், 36 மீட்டர் நீளம். அத்தனை நீளத்துக்குச் சமதரை இருக்கிறதா என்று நடந்து பாருங்கள். மரவேர்களும் சரிவும் படத்தில் தெரியாது. தரைப்பலகை, சூடேற்றி, ஜெனரேட்டர், கழிப்பறை வண்டி ஆகியவற்றுக்கான செலவும் மாளிகை வாடகையில் சேராது. பல மாளிகைகளுக்குப் பொதுக் கழிவுநீர்க் குழாய் கிடையாது, செப்டிக் டேங்க்தான். 300 பேர் பாவித்தால் மாலையில் அடைக்கும். "எங்கள் கழிப்பறையே போதும்" என்று அவர்கள் சொன்னாலும் தனி வண்டி வையுங்கள்.

மாளிகைக்காரர் மெழுகுவர்த்திகூடக் கூடாது என்கிறார். ஓமம் இல்லாமல் தாலி கட்டுவதா என்கிறார் ஐயர். நடுவில் நான்.
— மணமகன், குரோய்டன்

இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 1992இல் வின்ட்சர் கோட்டை எரிந்தது திரைச்சீலையில் பட்ட ஒரு விளக்கின் சூட்டால். 1989இல் அப்பார்க் மாளிகை எரிந்தது கூரை வேலைக்காரர்களின் ஊதுவிளக்கால். தீ பிடிக்காவிட்டாலும் நெய்ப்புகையின் கரி பொன்முலாம் பூசிய சட்டங்களிலும் சுண்ணச் சிற்ப வேலைகளிலும் படிந்தால் துடைத்து எடுக்க முடியாது. அதனால் "ஓமம் உண்டா?" என்று வாய்வார்த்தையாகக் கேட்டால் "இல்லை" என்றே பதில் வரும். என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை எழுதி அனுப்புங்கள்: குண்டத்தின் அளவு, எத்தனை நிமிடம் எரியும், எதை எரிப்பீர்கள், யார் காவல் நிற்பார், எப்படி அணைப்பீர்கள். அவர்களுடைய காப்புறுதி நிறுவனம் பார்ப்பது இந்தத் தாளைத்தான்.

முதல் தெரிவு வெளியே: பக்கங்கள் திறந்த பந்தலின் கீழ், சுவரிலிருந்தும் கூடாரத் துணியிலிருந்தும் நன்றாகத் தள்ளி. இங்கிலாந்துக் காற்று திசை மாறிக்கொண்டே இருக்கும். காற்று வரும் பக்கம் ஒரு மறைப்பு வேண்டும், இல்லாவிட்டால் பொறி கூறைச்சேலைமேல் விழும். வெளியே ஓமத்தை முடித்துக்கொண்டு உள்ளே தாலி கட்டலாமா என்று ஐயருடன் முன்கூட்டியே பேசுங்கள். வரிசையைச் சற்று மாற்றிச் செய்ய இணங்கும் ஐயர்மார் இருக்கிறார்கள்.

உள்ளே அனுமதித்தால் கல் தரையுள்ள அறையைக் கேளுங்கள். தரைமேல் தீத்தடுப்புப் பலகை, அதன்மேல் ஒரு வரிசை செங்கல், அதன்மேல் கால் வைத்த குண்டம், குண்டத்துக்குள் ஐந்து சென்டிமீட்டர் மணல். மெல்லிய செம்புத் தட்டை நேரே ஓக் பலகையில் வைத்தால் சூடு கீழிறங்கித் தரையில் கருவட்டம் விழும். திருத்தும் செலவு உங்கள் வைப்புப்பணத்தில் கழியும். புகை உணர்கருவியை அந்த அறைக்கு மட்டும் நிறுத்திவைப்பது மாளிகை ஊழியரின் வேலை. கருவி நிறுத்தப்பட்டிருக்கும் நேரம் முழுக்க ஒருவர் அங்கிருந்து அசையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் ஆட்கள் அதன்மேல் பையைக் கட்டி மூடுவது கூடவே கூடாது.

புகைக்குப் பெரிய காரணம் ஈர விறகு. சூளையில் உலர்த்திய விறகை வாங்கி விரல் பருமனுக்குப் பிளந்து வையுங்கள். கற்பூரம் பற்றவைக்க ஓரிரு கட்டி போதும், கரும்புகை அதிலிருந்துதான் வரும். நெய் ஒரு கிண்ணம், கால் லீட்டருக்குள். போத்தலைக் குண்டத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். நெய் பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது, சுவாலை மேலே பாயும். கைக்கெட்டும் தூரத்தில் தீப்போர்வை இருக்கட்டும். மணவறைத் துணிகளுக்குத் தீத்தடுப்புச் சான்றிதழ் தர முடியுமா என்று அலங்காரக்காரரிடம் கேளுங்கள். பல மாளிகைகள் அதைப் பார்க்காமல் உள்ளே விடுவதில்லை. சாம்பல் மறுநாளும் கனன்றுகொண்டிருக்கலாம். மூடியுள்ள இரும்பு வாளியில்தான் அள்ள வேண்டும்.

கறையையும் சொல்லிவிடுகிறோம், வைப்புப்பணம் கைவிட்டுப்போவது இதில்தான் அதிகம். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த ஆராத்தித் தண்ணீர் சுண்ணக்கல் படியில் சிந்தினால் கல் குடித்துவிடும். ஆராத்தியை வாசல் படியில் எடுக்காமல் சரளைக்கல் பாதையில் எடுங்கள். மஞ்சள் தடவிய அறுகரிசி பளபளப்பான தரையில் வழுக்கும், கம்பளத்தில் மிதிபட்டால் போகாது. மணவறையைச் சுற்றிக் கெட்டித் துணி விரித்து அதற்குள் மட்டும் தூவச் சொல்லுங்கள். வாழைமரத்தைத் தூணில் கட்ட விடமாட்டார்கள். மணல் நிரப்பிய தொட்டியில் நிறுத்துங்கள். ஆணி, ஒட்டுநாடா எதுவும் ஆகாது. பட்டியலிட்ட கட்டடத்தில், அதாவது வரலாற்றுச் சிறப்புக்காகச் சட்டம் பாதுகாக்கும் கட்டடத்தில், அந்தச் சிறப்பைப் பாதிக்கும் மாற்றத்தை அனுமதியின்றிச் செய்வது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

எந்த மாதத்தில் மலிவு? முகூர்த்தத்துக்கும் பொருந்த வேண்டும்.
— ஈஸ்ட்ஹாம் வாசகர்

இங்கே நம் பஞ்சாங்கம் நமக்கு உதவுகிறது. மாளிகை வாடகை உச்சத்தில் இருப்பது மே முதல் செப்டம்பர் வரையான சனிக்கிழமைகளில். அதன் நடுவில் நமக்கு ஆடி. தை மாதம், அதாவது ஜனவரி நடுவிலிருந்து பெப்ரவரி நடுவரை, நமக்கு முகூர்த்தக் காலம், அவர்களுக்கு மந்தக் காலம். பேரம் பேச இதைவிட நல்ல நேரம் இல்லை. வெள்ளி, ஞாயிறு என்றால் இன்னும் இறங்கும். ஆனால் சில மாளிகைகள் குளிர்காலத்தில் மூடித் துப்புரவும் திருத்தமும் செய்யும். தை முதல் வாரம் லண்டனில் மாலை நாலரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வெளியில் எடுக்கும் படங்களை மதியம் இரண்டு மணிக்கே முடியுங்கள். உயர்ந்த கூரையுள்ள அறை சூடாக நேரம் எடுக்கும். முதல்நாள் இரவே சூடேற்றியைப் போடுவார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

நேரம் குறிக்கும்போது யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ கணித்த நாட்காட்டியைப் பார்க்காதீர்கள். இராகு காலம் பகற்பொழுதில் எட்டில் ஒரு பங்கு. ஜனவரி நடுவில் லண்டன் பகல் எட்டேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல், ஆகவே இராகு காலம் சுமார் 62 நிமிடம். ஜூன் கடைசியில் பகல் பதினாறரை மணி நேரத்தைத் தாண்டுவதால் அதே இராகு காலம் இரண்டு மணி நேரத்துக்கும் மேல். ஒன்றரை மணி என்று வாய்ப்பாடாகக் கொள்வது இங்கே பொருந்தாது.

காலை ஒன்பது மணிக்கு முகூர்த்தம் வைத்துவிட்டு, பத்து மணிக்குத்தான் கதவு திறப்பார்கள் என்று பிறகு தெரிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். மணவறை கட்டவே நான்கு மணி நேரம் போகும். முதல்நாள் மாலை உள்ளே விடுவார்களா என்பதைப் பொறுத்தே முகூர்த்தத்தைக் குறியுங்கள்.

பதிவுத் திருமணத்தையும் அதே இடத்தில் முடிக்கலாமா?
— வெம்பிளி வாசகி

முடிக்கலாம், அந்த இடம் உள்ளூராட்சி சபையிடம் அங்கீகாரம் பெற்றிருந்தால். 1995 முதல்தான் இப்படிப்பட்ட மாளிகைகளில் பதிவுத் திருமணம் செய்ய முடிகிறது. 2021 ஜூலையிலிருந்து அவற்றின் தோட்டத்திலும். பதிவாளர் நடத்தும் சடங்கில் சமயம் கலக்கக் கூடாது, எனவே தாலி கட்டும் சடங்கும் பதிவும் தனித்தனி நிகழ்வுகள். மாளிகையில் ஐயர் நடத்திய சடங்கு மட்டும் இங்கே சட்டப்படி திருமணமாகாது, இதை மறந்துவிடாதீர்கள். இருவரும் குறைந்தது ஏழு நாள் குடியிருந்த பகுதியின் பதிவகத்துக்கு நேரில் போய் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அதன்பின் 28 முழு நாட்கள் காத்திருக்க வேண்டும்; குடிவரவு காரணமாக உள்துறை விசாரித்தால் 70 வரை நீளலாம். அறிவித்தலில் இடத்தின் பெயரும் இருக்கும். மாளிகையை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து. பெரும்பாலானோர் சில நாள் முன்பே பதிவகத்தில் இரண்டு சாட்சிகளோடு எளிமையாக முடித்துக்கொள்கிறார்கள்; நாங்களும் அதையே சொல்வோம்.

நாதஸ்வரம், தவில் உண்டு. சாப்பாடு நம் சமையல்காரர். ஒப்பந்தத்தில் என்ன பார்க்க வேண்டும்?
— மில்டன் கீன்ஸ் வாசகர்

ஒலிக் கட்டுப்படுத்தி இருக்கிறதா என்று பாருங்கள். ஒலி குறித்த அளவைத் தாண்டி சில விநாடி நீடித்தால் அந்தக் கருவி மின்சாரத்தைத் துண்டிக்கும். நாதஸ்வரம் ஒலிபெருக்கி இல்லாமலே அந்த அளவைத் தாண்டிவிடும். கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில், சரியாகத் தாலி ஏறும்போது, விளக்குகளும் வீடியோவும் அணைந்துவிடும். மேளத்தைக் கூடாரத்தில் அல்லது வாசலில் வைக்கலாமா, மணவறை விளக்கை அந்தக் கருவிக்கு வெளியே உள்ள இணைப்பில் போடலாமா என்று கேளுங்கள்.

சமையல்காரரை வெளியிலிருந்து கொண்டுவர அனுமதி உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா என்று பாருங்கள். அவரிடம் பொதுப் பொறுப்புக் காப்புறுதியும் நல்ல உணவுச் சுகாதார மதிப்பெண்ணும் கேட்பார்கள். ஐந்து என்பது உச்சம். வடையும் அப்பளமும் பொரிப்பதை வெளியே தனிக் கூடாரத்தில் வையுங்கள். ஒரு சாதாரண 13 ஆம்ப் சாக்கெட் மூன்று கிலோவாட்தான் தாங்கும், கொதிநீர்ப் பானை ஒன்றே அதை முடித்துவிடும். பழைய மின்கம்பியில் மூன்று பானைகளைச் செருகினால் சமையலறை முழுக்க இருளும்.

விலை 20 சதவீத வாட் (VAT) வரி சேர்த்தா சேர்க்காமலா என்று எழுதி வாங்குங்கள். முன்பணத்தில் ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டுங்கள். சேவையின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்குள் இருந்தால், மாளிகை நிறுவனம் மூடிப்போனாலும் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி கார்டு தந்த வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

அம்மம்மா சக்கர நாற்காலியில். சமாளிக்க முடியுமா?
— பேத்தி, லூட்டன்

முகப்புப் படிகளை மாற்ற முடியாததால் பல மாளிகைகளில் சக்கர நாற்காலி பக்கவாட்டு வாசலால்தான் போகும். நாற்காலியோடு ஒருநாள் போய் அந்த வழியை உருட்டிப் பாருங்கள். எடுத்துவைக்கும் சரிவுப்பலகை என்றால், ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். அதைவிடச் செங்குத்தானால் தள்ளுபவருக்கும் ஆபத்து. சரளைக்கல்லில் சிறிய முன்சக்கரம் புதையும், நாற்காலியைப் பின்னோக்கி இழுத்தால் நகரும். பேருந்தில் விருந்தினர் வந்தால் 12 மீட்டர் வண்டி வாயில் வளைவுக்குள் நுழையுமா என்றும் அன்றே அளந்துவிடுங்கள். நுழையாவிட்டால், வாயிலிலிருந்து முதியவர்களை ஏற்றிவர ஒரு சிற்றுந்தை நாள் முழுக்க நிறுத்திவைக்க வேண்டும்.