வீட்டுச் சந்தை சரியாகுமா? வாங்குபவர், விற்பவர் கேள்விகளுக்குப் பதில்

ஒரு வங்கியின் வீட்டுக் கடன் பிரிவில் 17 வருடம் இருந்தேன். அதற்குப் பிறகு வீடு வாங்குகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை. சந்தேகங்களை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பொதுவாகப் பயன்படுகிறவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, நானும் கணவரும் மூன்று வருடமாகக் காத்திருக்கிறோம். விலை இறங்கவில்லை, வட்டிதான் ஏறியது. சந்தை எப்போதுதான் சரியாகும்?

யாருக்குச் சரியாக வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். விலை இறங்கினால் உங்களுக்கு நல்லது, விற்கிறவருக்கு இழப்பு. ஏறினால் நேர்மாறு. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நல்லதாக அமைவது ஒன்றுதான்: நிறைய வீடு விற்பனைக்கு வர வேண்டும், வந்த வீடு நியாயமான காலத்தில் கைமாற வேண்டும். நான் விலையைப் பார்ப்பதைவிட இதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

வட்டி ஏறினால் விலை இறங்கும் என்று எல்லோரும் நினைத்தோம். அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே 30 வருடமும் மாறாத நிலையான வட்டியில் புதிதாகக் கொடுக்கும் கடனுக்கு 2021 ஜனவரியில் வட்டி 2.65 சதவீதம். 2023 அக்டோபரில் 7.79. வட்டி 3 சதவீதமாக இருந்தபோது 100 லட்சம் கடனுக்குக் கட்டிய அதே தவணைக்கு, 7 சதவீதத்தில் 63 லட்சம்தான் கிடைக்கும். வாங்கும் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. ஆனாலும் விலை சரியவில்லை, விற்பனைதான் சரிந்தது. 2023-ல் அங்கே கைமாறிய பழைய வீடுகள் சுமார் 41 லட்சம். 1995-க்குப் பிறகு அவ்வளவு குறைவு அதுதான்.

காரணம் எளிது. 3 சதவீதத்தில் கடன் வைத்திருப்பவர் வீட்டை விற்றால் அடுத்த வீட்டுக்கு 7 சதவீதம் கட்ட வேண்டும். அதனால் அவர் நகரவில்லை. வாங்க ஆள் குறைந்ததைப் போலவே விற்க ஆளும் குறைந்தது. சந்தை விழவில்லை, உறைந்துவிட்டது.

உறைந்தது உருகத்தான் செய்யும். பிள்ளை பிறக்கிறது, வேலை மாறுகிறது, பெற்றோர் இறக்கிறார்கள், தம்பதி பிரிகிறார்கள். இதெல்லாம் வட்டி இறங்கட்டும் என்று காத்திருக்காது. ஆனால் மெதுவாக உருகும். விலை அப்படியே நிற்க, சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாக அதை எட்டிப் பிடிக்கிற மாதிரிதான் பெரும்பாலும் நடக்கும். ஒரு உதாரணம்: விலைவாசி வருடத்துக்கு 5 சதவீதம் ஏறுகிற இடத்தில், வீட்டு விலை ஐந்து வருடம் அசையாமல் நின்றால், உண்மையில் அது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கிவிட்டது என்று பொருள். "விலை இறங்கவே இல்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது நடந்து முடிந்திருக்கும்.

கேள்வி: வட்டி இறங்கப்போகிறது என்கிறார்கள். இறங்கிய பிறகு வாங்கலாம்தானே, மேடம்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 வருடக் கடன். 7 சதவீதத்தில் ஒரு லட்சத்துக்கு மாதம் 665. 6 சதவீதத்தில் 600. பத்து சதவீதம் மிச்சம். சரி, வட்டி இறங்கியதும் உங்களைப் போலக் காத்திருந்தவர்கள் எல்லோரும் ஒன்றாக இறங்கி, விலை பத்து சதவீதம் ஏறினால்? இப்போது கடன் ஒரு லட்சத்துப் பத்தாயிரம், தவணை 660. புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டீர்கள். முன்பணம் மட்டும் கூடியிருக்கும்.

இன்னொன்று. வட்டி பிறகு இறங்கினால் கடனை மாற்றி எழுதிக்கொள்ளப் பல இடங்களில் வழி இருக்கிறது. கொடுத்த விலையை மாற்றி எழுத முடியாது. அதனால் பேரம் பேச இடம் தருகிற சந்தை, வட்டி கூடுதலாக இருந்தாலும், வாங்குகிறவருக்கு அவ்வளவு மோசமில்லை.

மத்திய வங்கி வட்டியைக் குறைத்தால் வீட்டுக் கடனும் உடனே குறையும் என்றும் நம்பிவிடாதீர்கள். மாறும் வட்டிக் கடன் ஓரளவு பின்தொடரும். புதிதாக எழுதும் நீண்ட கால நிலையான வட்டிக் கடனின் வட்டி, அரசுக் கடன் பத்திரச் சந்தையைப் பார்த்து நகர்வது. 2024 செப்டம்பரில் அமெரிக்க மத்திய வங்கி அரை சதவீதம் குறைத்தது. அப்போது 6.1 சதவீதத்தை ஒட்டியிருந்த 30 வருட வட்டி, 2025 ஜனவரியில் 7-ஐத் தாண்டியது. குறைப்புச் செய்தி கேட்டுக் காத்திருந்தவர்கள் கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்தது.

கேள்வி: 2008-ல் அமெரிக்க வீட்டுச் சந்தை சரிந்ததைப் போல ஒரேயடியாக விழ வாய்ப்பு இருக்கிறதா? இருந்தால் அதுவரை பொறுத்திருப்பேன்.

விழவே விழாது என்று சொல்ல மாட்டேன். ஜப்பானில் 1991-க்குப் பிறகு நில விலை பத்து வருடத்துக்கும் மேலாக இறங்கிக்கொண்டே போனது. அமெரிக்காவில் 2006-ல் உச்சம் தொட்ட வீட்டு விலை, 2012-க்குள் நாடு முழுவதும் சராசரியாக நான்கில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது.

ஏன் விழுந்தது என்பதுதான் முக்கியம். வருமானத்தைச் சரிபார்க்காமல் கடன் கொடுத்தார்கள். முதல் இரண்டு வருடம் குறைந்த தவணை, அப்புறம் திடீரென்று கூடும் தவணை. தேவைக்கு மேல் கட்டித் தள்ளினார்கள். கடைசியில் தவணை கட்ட முடியாதவர்களின் வீடுகள் ஒரே நேரத்தில் ஏலத்துக்கு வந்தன. விருப்பப்பட்டு விற்கிறவர் விலை பிடிக்காவிட்டால் பலகையைக் கழற்றிவிட்டுப் போய்விடுவார். வேறு வழியில்லாமல் விற்கிறவர் எந்த விலைக்கும் கொடுப்பார். பெரிய வீழ்ச்சிக்கு இரண்டாவது வகை ஆட்கள் கூட்டமாக வர வேண்டும்.

உங்கள் பகுதியில் கட்டி முடித்து விற்காமல் நிற்கும் வீடுகள் எத்தனை, வேலையிழப்பு கூடுகிறதா, தவணை தவறுகிறவர்கள் கூடுகிறார்களா என்று பாருங்கள். மூன்றும் இல்லாத இடத்தில் வீழ்ச்சிக்காகக் காத்திருந்தால் வயதுதான் போகும். மூன்றும் இருக்கிற இடமென்றால் பொறுங்கள். ஆனால் அப்போது உங்கள் வேலையும் நிலையாக இருக்குமா என்றும் யோசியுங்கள்.

கேள்வி: எட்டு மாதமாக எங்கள் வீடு விற்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் பக்கத்து வீடு போன விலையைத்தான் கேட்கிறோம். அதற்கும் குறைத்துக் கொடுக்க மனசு வரவில்லை. சந்தை தேறும்வரை வைத்திருக்கலாமா?

உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. இது உங்களுக்கு மட்டும் வருவதும் இல்லை. டேவிட் ஜெனசோவ், கிறிஸ்டோபர் மேயர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள், பாஸ்டன் நகரில் 1990-களில் விற்பனைக்கு வந்த அடுக்குமாடி வீடுகளை ஆராய்ந்து 2001-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வாங்கிய விலைக்குக் கீழே விற்க வேண்டிய நிலையில் இருந்தவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் விலை சொன்னார்கள், நீண்ட நாள் காத்துக் கிடந்தார்கள் என்று அதில் தெரிந்தது.

என்னிடம் வந்த ஒரு அண்ணன் தங்கை கதையைச் சொல்கிறேன். அப்பா விட்டுப்போன வீடு. பார்க்க வருகிறவர்களின் பெயர், தேதி, கேட்ட விலை எல்லாவற்றையும் தங்கை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். இரண்டாவது வாரத்திலேயே ஒரு குடும்பம் கேட்ட விலையில் 4 சதவீதம் குறைத்துச் சொல்லியிருக்கிறது. அண்ணன் மறுத்துவிட்டார். பதினாலு மாதம் கழித்து நான் அந்த வீட்டுக்குப் போனபோது, ஆளில்லாமல் பூட்டிக் கிடந்ததில் பின்கதவு ஊறிப்போய் நிலையில் இறுகியிருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் திறந்தது. சமையலறைச் சுவரில் ஈரம் ஏறி, சுண்ணாம்பு பொரிந்திருந்தது. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அந்தச் சுவரைத்தான் பார்த்தார்கள். கடைசியில் 13 சதவீதம் குறைத்துக் கொடுத்தார்கள். நோட்டின் முதல் பக்கத்தில் இருந்த அந்தப் பெயரைத் தங்கை எனக்குக் காட்டினார்.

வைத்திருப்பதற்கும் செலவு உண்டு. வரி, பராமரிப்பு, பாக்கிக் கடனுக்கு வட்டி, கைக்கு வராத பணம் சம்பாதித்திருக்கக்கூடிய வட்டி. நான்கையும் கூட்டி மாதக் கணக்காக எழுதுங்கள். அப்புறம், பக்கத்து வீட்டின் பழைய விலையை விட்டுவிட்டு, கடந்த மூன்று மாதத்தில் பத்திரம் பதிவாகி முடிந்த வீடுகளின் விலையைப் பாருங்கள். பார்க்க ஆள் வந்தும் யாரும் விலையே பேசவில்லை என்றால் வீட்டில் ஏதோ குறை. பார்க்கவே ஆள் வரவில்லை என்றால் விலையில் குறை. குறைப்பதானால் ஒரே தடவையில் தெரிகிற மாதிரிக் குறையுங்கள். மாதாமாதம் கொஞ்சம் குறைத்தால் இன்னும் இறங்கும் என்று வாங்குகிறவர் காத்திருப்பார்.

கேள்வி: இந்த வாரமே முன்பணம் கொடுக்காவிட்டால் வீடு போய்விடும் என்று தரகர் அவசரப்படுத்துகிறார்.

போனால் போகட்டும். பத்திரத்தைச் சரிபார்க்காமல் ஒரு காசு கொடுக்க வேண்டாம்.

கேள்வி: சின்ன வீட்டை விற்றுப் பெரிய வீடு வாங்க வேண்டும். விலை இறங்கியிருக்கிற நேரத்தில் விற்பது முட்டாள்தனம் இல்லையா?

உங்களுக்கு இறங்கிய சந்தைதான் லாபம். உங்கள் வீடு 40, வாங்கப்போவது 70 என்று வையுங்கள். இடைவெளி 30. இரண்டும் பத்து சதவீதம் இறங்கினால் 36-க்கு விற்று 63-க்கு வாங்குவீர்கள். இடைவெளி 27. விற்றதில் நான்கு போனாலும் வாங்கியதில் ஏழு மிச்சம். பெரியதை விற்றுச் சின்னதுக்குப் போகிறவர்களுக்கு இது அப்படியே தலைகீழ்.

மந்தமான சந்தையில் முதலில் விற்றுவிடுங்கள், பிறகு வாங்குங்கள். இரண்டு வீட்டுத் தவணையைத் தோளில் சுமந்துகொண்டு, கடைசியில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: வாடகை கொடுப்பது பணத்தைத் தண்ணீரில் போடுவதுதானே?

இல்லை. 20 வருடக் கடன், 8.5 சதவீத வட்டி என்றால் ஒரு லட்சத்துக்குத் தவணை 868. முதல் மாதம் அதில் 708 வட்டிக்கே போகும், அசலில் கழிவது 160தான். ஆரம்ப வருடங்களில் நீங்கள் வங்கிக்கு வாடகை கொடுக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதோடு வாங்கும்போது பதிவுச் செலவு, விற்கும்போது தரகு. மூன்று நான்கு வருடத்தில் இடம் மாறிவிடுவீர்கள் என்றால் வாடகைதான் நல்லது. பத்து வருடம் இருப்பீர்கள் என்றால் இன்றைய விலையின் ஏற்ற இறக்கத்துக்கு அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை.

கேள்வி: முதல் கேள்வி கேட்டவள்தான் மறுபடியும் எழுதுகிறேன், அக்கா. உருகும் என்றீர்கள், மெதுவாக என்றீர்கள். நாங்கள் இப்போது என்னதான் செய்வது?

உங்கள் மனதில் இருக்கிற வீட்டுக்கு இன்றைய வட்டியில் தவணை எவ்வளவு என்று பாருங்கள். அதிலிருந்து இப்போது கொடுக்கிற வாடகையைக் கழியுங்கள். மீதித் தொகையை, சம்பளம் வந்த அன்றே, தனியாக ஒரு வங்கிக் கணக்கில் போடுங்கள். ஆறு மாதம் அதைத் தொடக் கூடாது. பள்ளிக் கட்டணம், கல்யாணச் செலவு, ஆஸ்பத்திரி எது வந்தாலும் இந்தக் கணக்குக்கு வெளியே இருக்கிற பணத்தில்தான் சமாளிக்க வேண்டும். சமாளித்துவிட்டால் வீடு பார்க்கத் தொடங்குங்கள், சேர்ந்த பணம் முன்பணத்துக்கு உதவும். எந்த மாதம் கை வைத்தீர்களோ, எதற்காக வைத்தீர்களோ, அதை எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தக் குறிப்போடு எனக்கு எழுதுங்கள், எவ்வளவு கடன் தாங்கும் என்று உட்கார்ந்து பார்ப்போம்.