டீக்கன் என்பவர் பாதிரியாரா? அவர் என்னென்ன செய்யலாம்?

எந்தச் சபை என்பதைப் பொறுத்து பதில் மாறும். கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ், ஆங்கிலிக்கன் திருச்சபைகளில் டீக்கன் ஆயரிடம் (பிஷப்பிடம்) திருநிலைப்பாடு, அதாவது திருப்பணிக்கான பட்டம், பெற்றவர். ஆயர், குரு (பாதிரியார்), டீக்கன் என்ற மூன்று நிலைகளில் மூன்றாவது அவருடையது. பாப்டிஸ்ட் சபைகளிலோ சபையார் தேர்ந்தெடுக்கும் உதவிக்காரர் அவர். பிழைப்புக்கு வேறு வேலை பார்ப்பவராகவும் இருப்பார்.

குழப்பம் அதிகம் வருவது கத்தோலிக்க டீக்கன் விஷயத்தில்தான்; தமிழில் அவரைத் திருத்தொண்டர் என்பார்கள். 'அரைப் பாதிரியார்' என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர் குரு அல்ல, ஆனால் பட்டம் பெறாத சாதாரண விசுவாசியும் (பொதுநிலையினர்) அல்ல. திருமுழுக்கு கொடுக்கலாம், நற்செய்தி வாசித்து மறையுரை ஆற்றலாம், நற்கருணை வழங்கலாம், அடக்கச் சடங்கு நடத்தலாம். திருப்பலி (பூசை) நிறைவேற்றவோ, பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்கவோ, நோயாளிக்கு எண்ணெய் பூசும் நோயில் பூசுதல் கொடுக்கவோ முடியாது. சாகும் தறுவாயில் இருப்பவருக்கு அவர் நற்கருணை கொண்டுவரலாம். எண்ணெய் பூசவும் பாவமன்னிப்புக்கும் குருதான் வரவேண்டும். இது தெரியாமல் திருத்தொண்டரை மட்டும் கூப்பிட்டுவிட்டுக் கடைசி நேரத்தில் தவிக்கும் குடும்பங்கள் உண்டு.

திருமணத்தில் இன்னும் கவனம் தேவை. அவர் திருமணத்தை நடத்திவைக்கலாம், ஆனால் ஆயரோ அந்தப் பங்கின் (கோவில் வட்டாரத்தின்) பொறுப்பிலுள்ள பங்குத்தந்தையோ அதற்கு அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும். வேறு பங்கிலிருந்து வரும் சொந்தக்காரத் திருத்தொண்டர் அந்த அதிகாரம் வாங்காமல் நடத்தினால், திருமணமே திருச்சபைச் சட்டப்படி செல்லாமல் போகலாம். வாய்ச்சொல்லை நம்பாமல் எழுத்தில் வாங்கித் திருமணப் பதிவேட்டோடு வைப்பதே நல்லது.

பலிபீடத்தில் அவரைக் கண்டுபிடிப்பது எளிது. ஸ்டோல் என்ற நீளத் துணிப்பட்டையைக் குரு கழுத்திலிருந்து இரண்டு பக்கமும் தொங்கவிடுவார். திருத்தொண்டர் இடது தோளிலிருந்து வலது இடுப்புக்குக் குறுக்கே அணிவார். கிண்ணத்தில் இரசம் ஊற்றிச் சிறிது தண்ணீர் கலப்பது, முடிவில் மக்களை அனுப்பிவைப்பது எல்லாம் அவர் வேலை.

இவர்களில் இரண்டு வகை. குருவாகப் போகிறவர்கள் இடையில் குறைந்தது 6 மாதம் இந்த நிலையில் இருப்பார்கள். மற்றவர்கள் நிரந்தரத் திருத்தொண்டர்கள். கத்தோலிக்கத்தின் மிகப்பெரிய பிரிவான இலத்தீன் திருச்சபையில் இந்த வகையை மீண்டும் நடைமுறைப்படுத்த 1967-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் விதிகள் வகுத்தார். மணமாகாதவருக்கு 25 வயது, மணமானவருக்கு 35 வயது நிறைந்திருக்க வேண்டும்; மனைவியின் சம்மதமும் வேண்டும். இது குறைந்தபட்சம்தான், ஆயர் பேரவை வயதைக் கூட்டலாம். பலர் கேட்க மறக்கும் விதி ஒன்று: திருத்தொண்டர் பட்டம் பெற்றபின் மனைவி இறந்தால், சிறப்பு விலக்கு இல்லாமல் மறுமணம் செய்ய முடியாது.

ஆர்த்தடாக்ஸ் டீக்கன் வழிபாட்டில் மன்றாட்டுகளைப் பாடி நடத்துவார். குரு இல்லாமல் தனியாக அருட்சாதனம் (திருமுழுக்கு, திருமணம் போன்ற புனிதச் சடங்கு) எதையும் நிறைவேற்றுவது அவர் பணி அல்ல.

பாப்டிஸ்ட் வழியில் தேர்வுக்கு அளவுகோல் 1 தீமோத்தேயு 3: இருநாக்கு, மதுபானப்பிரியம், இழிவான ஆதாய ஆசை இருக்கக்கூடாது, முதலில் சோதிக்கப்பட வேண்டும். சோதிப்பதைத்தான் பல சபைகள் விட்டுவிடுகின்றன. வசதியுள்ளவர், பேச்சுத்திறன் உள்ளவர் என்று பார்த்து ஓட்டுப் போடுகிறார்கள். மூப்பர்கள் (சபையை வழிநடத்தும் பெரியவர்கள்) இல்லாத சபையில் உதவிக்காரர் குழுவே நிர்வாகக் குழுவாகி, போதகரின் சம்பளத்தையும் இருப்பையும் முடிவு செய்யும் நிலை வந்துவிடுகிறது. அப்போஸ்தலர் 6-இல் ஏழு பேரைத் தெரிந்தெடுத்ததோ விதவைகளுக்கான அன்றாடப் பந்தியைக் கவனிக்க. ஆகவே தேர்தலுக்கு முன்பே சபையின் அமைப்புச் சட்டத்தில் பதவிக்காலம், கணக்குத் தணிக்கை, போதகர் நியமனத்தில் யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்பதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.